இந்திய மகளிர் கிரிக்கெட் அணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் கொஞ்சம் நீளமான பதில்களும்

2025 நவம்பர் 2 இரவு, நவி மும்பையில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கேப்டன் ஹர்மன்ப்ரீத் கவுர் பின்பக்கமாக ஓடிப்போய் அந்தக் கடைசி கேட்ச்சைப் பிடித்ததிலிருந்து, இந்த அணியைப் பற்றிக் கேள்வி கேட்பவர்களின் எண்ணிக்கை திடீரென்று கூடிவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் கேட்கிற எல்லாரும் கதையை 2017-லிருந்துதான் தொடங்குகிறார்கள், அதனால் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். சில பதில்கள் நீளம், சிலவற்றுக்கு ஒரு வரி போதும்.

இந்த அணி உண்மையில் எப்போது தொடங்கியது?

1973-ல். லக்னோவில் மகேந்திர குமார் சர்மா என்பவர் முன்னின்று இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கத்தைப் பதிவு செய்தார். ஊருக்குள் ரிக்‌ஷாவில் மைக் கட்டிக்கொண்டு போய், பெண்கள் கிரிக்கெட் நடக்கப் போகிறது, வந்து பாருங்கள் என்று அவர் கூவி அழைத்த கதையைப் பழைய வீராங்கனைகள் இன்னும் சொல்வார்கள். அதே வருடம் புனேயில் முதல் தேசியப் போட்டி நடந்தது. வந்தவை மூன்றே அணிகள்: பம்பாய், மகாராஷ்டிரா, உத்தரப் பிரதேசம். அவ்வளவுதான் தொடக்கம். ஆண்கள் கிரிக்கெட்டை நடத்திய வாரியத்துக்கும் இதற்கும் அப்போது எந்தச் சம்பந்தமும் கிடையாது, இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த முப்பது வருடக் கதை தானாகப் புரியும்.

1975-ல் ஆஸ்திரேலியாவின் 25 வயதுக்குட்பட்டோர் அணி இங்கே வந்து மூன்று ஆட்டங்கள் ஆடியது. மூன்றுக்கும் மூன்று கேப்டன்கள்: உஜ்வலா நிகம், சுதா ஷா, ஸ்ரீரூபா போஸ். இந்த சுதா ஷா நம் தமிழ்நாட்டு ஆட்டக்காரர், பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் மறுபடியும் வருவார்.

முதல் டெஸ்ட், முதல் வெற்றி, முதல் சதம்?

மூன்றுக்கும் பொதுவான பெயர் சாந்தா ரங்கசாமி. 1976 அக்டோபர் 31 அன்று பெங்களூரில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக முதல் டெஸ்ட் தொடங்கியபோது அவர்தான் கேப்டன். அந்தத் தொடரில் ஆறு டெஸ்ட்கள். நவம்பரில் பாட்னாவில் இந்தியா ஜெயித்தது, அதுதான் முதல் டெஸ்ட் வெற்றி, மைதானத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம். பெண்கள் ஆட்டத்துக்கு யார் வருவார்கள் என்று இன்றும் கேட்பவர்களிடம் பாட்னாவைச் சொல்லுங்கள். தொடர் 1-1 என்று முடிந்தது.

அடுத்த ஜனவரியிலேயே நியூஸிலாந்தின் டுனெடினில் சாந்தா 108 அடித்தார். இந்தியப் பெண் ஒருவரின் முதல் டெஸ்ட் சதம் அதுதான். கிரிக்கெட்டுக்காக அர்ஜுனா விருது வாங்கிய முதல் பெண்ணும் அவரே.

அந்தக் காலத்தில் சம்பளம் எவ்வளவு?

சம்பளமா? ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டியில் கிட் பையை அணைத்துக்கொண்டு போய், தங்குமிடத்தில் தரையில் படுத்து எழுந்து, காலையில் டெஸ்ட் ஆடினார்கள். மட்டை, கால் காப்பு எல்லாம் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு ஆடிய காலம். சங்கத்திடம் பணம் இல்லை, அரசு கொடுத்ததும் சொற்பம், ஒளிபரப்பு வருமானம் என்ற ஒன்றே கிடையாது. வேலை இருந்தவர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

இது ஏதோ கறுப்பு வெள்ளைக் காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2005-ல் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரை போன அணிக்கு ஒரு ஆட்டத்துக்கு 1000 ரூபாய் கிடைத்தது என்று அந்த அணியின் கேப்டன் மிதாலி ராஜே பேட்டியில் சொல்லியிருக்கிறார். 2005! ஆண்கள் அணி விளம்பரங்களில் கோடிக்கணக்கில் சம்பாதித்துக்கொண்டிருந்த வருடம்.

உலகக் கோப்பையில் இந்தியா எப்போது நுழைந்தது?

1978-ல், போட்டியை நடத்திய நாடாகவே. முதலில் ஒரு தகவல்: பெண்கள் உலகக் கோப்பைதான் ஆண்களுடையதைவிட மூத்தது. பெண்களுக்கு 1973, ஆண்களுக்கு 1975. வினாடி வினாவில் இதைக் கேட்டால் பாதிப் பேர் தப்பாகத்தான் சொல்வார்கள்.

1973-ல் இந்தியா இல்லை. 1978-ல் கல்கத்தா, ஜாம்ஷெட்பூர், பாட்னா, ஹைதராபாத் என்று நான்கு ஊர்களில் நான்கே அணிகள் ஆடின. ஜனவரி 1 அன்று ஈடன் கார்டனில் இங்கிலாந்துக்கு எதிராக இந்தியா தன் முதல் ஒருநாள் ஆட்டத்தை ஆடியது, கேப்டன் டயானா எடுல்ஜி. மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. 1982-ல் நான்காவது இடம். 1988-ல் அணி போகவே இல்லை.

போகவே இல்லையா? ஏன்?

1986-ல் இங்கிலாந்துப் பயணம் முடிந்து திரும்பிய அணி, அடுத்த சர்வதேச ஆட்டத்தை ஆடியது 1991-ல். நடுவில் கிட்டத்தட்ட ஐந்து வருடம் ஒன்றுமே இல்லை. அந்த 1986 பயணத்தில்தான் வூஸ்டரில் சந்தியா அகர்வால் 190 அடித்து, 1935 முதல் நின்றிருந்த பெண்கள் டெஸ்ட் உலக சாதனையை உடைத்தார். உலக சாதனை படைத்த ஒரு ஆட்டக்காரருக்கு அடுத்த ஐந்து வருடம் ஆட ஆட்டமே கிடைக்கவில்லை என்றால் என்ன சொல்வது. இந்த அணியின் வரலாற்றை எந்தப் பக்கம் புரட்டினாலும் இதுதான் தெரியும்: திறமைக்குப் பஞ்சம் வந்ததில்லை, அட்டவணைக்குத்தான் பஞ்சம்.

அதே பயணத்தில் லார்ட்ஸ் பெவிலியனுக்குள் எடுல்ஜியை விட மறுத்த சம்பவமும் உண்டு. லார்ட்ஸை வைத்திருக்கும் எம்.சி.சி. கிளப் தன் பெயரை எம்.சி.பி. என்று மாற்றிக்கொள்ளலாம், அதாவது 'மேல் ஷாவினிஸ்ட் பிக்ஸ்', ஆணாதிக்கப் பன்றிகள் என்று, என அவர் நக்கலடித்தார். 2023-ல் ஐ.சி.சி.யின் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பிடித்த முதல் இந்தியப் பெண் அதே எடுல்ஜிதான்.

எல்லா வீராங்கனைகளும் ரயில்வேயில் வேலை பார்ப்பது ஏன்?

அந்த வேலை இல்லையென்றால் இந்த அணியே இருந்திருக்காது, அதனால்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, மாதச் சம்பளம், பயிற்சிக்குப் போக அனுமதி, இலவச ரயில் பாஸ். சங்கம் தர முடியாத எல்லாவற்றையும் ரயில்வே தந்தது. இதற்காக ஓயாமல் அலைந்தவர் எடுல்ஜி. மிதாலியும் ரயில்வே, ஹர்மன்ப்ரீத்துக்கு மும்பையில் மேற்கு ரயில்வே வேலை கிடைக்க உதவியவரும் எடுல்ஜிதான். ஏர் இந்தியாவும் சிலருக்கு வேலை கொடுத்தது. உள்நாட்டுப் போட்டிகளில் ரயில்வே அணி வருடா வருடம் கோப்பையை அள்ளிக்கொண்டு போனதற்கும் இதுவே காரணம். நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் மற்ற மாநிலங்கள் என்ன செய்யும்? அதில் ஒரு குறை இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

மிதாலி, ஜூலன் இருவரையும் எல்லாரும் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

சங்கத்தின் ஏழ்மைக் காலத்தில் ஆடத் தொடங்கி, வாரியத்தின் பணக்காரக் காலம் வரை தாக்குப்பிடித்தவர்கள் என்பதால். இரண்டையும் பார்த்தவர்கள் அதிகம் பேர் இல்லை.

மிதாலி ராஜ் ஜோத்பூரில் பிறந்து செகந்திராபாத்தில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். அப்பா விமானப்படையில் இருந்தவர். காலையில் எழுந்திருக்கச் சோம்பல்படுகிறாள் என்று அண்ணனோடு கிரிக்கெட் பயிற்சிக்கு அனுப்பினார்கள், பக்கத்தில் பரதநாட்டியமும் ஓடிக்கொண்டிருந்தது. 1999-ல் 16 வயதில் முதல் ஒருநாள் ஆட்டத்திலேயே அயர்லாந்துக்கு எதிராக 114 ஆட்டமிழக்காமல். மூன்று வருடம் கழித்து டான்டனில் இங்கிலாந்துக்கு எதிராக 214, அப்போது அது பெண்கள் டெஸ்டில் உலக சாதனை. 2022-ல் ஓய்வு பெறும்போது ஒருநாள் ஆட்டங்களில் 7805 ரன். மெதுவாக ஆடுகிறார் என்ற குறை கடைசி வரை துரத்தியது. மறுபக்கம் விக்கெட்கள் விழுந்துகொண்டே இருக்கும்போது ஒரு பக்கத்தைக் காக்க யாராவது வேண்டும் என்பதை அந்தக் குறை சொன்னவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஜூலன் கோஸ்வாமி வங்காளத்தின் சாக்தாவிலிருந்து விடியற்காலை லோக்கல் ரயில் பிடித்துக் கொல்கத்தாவுக்குப் பயிற்சிக்கு வந்தவர். 1997 உலகக் கோப்பை இறுதி ஈடன் கார்டனில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூஸிலாந்துக்கும் நடந்தபோது எல்லைக்கோட்டருகே பந்து பொறுக்கிப்போட்ட சிறுமிகளில் அவரும் ஒருவர். ஐந்து வருடத்தில் இந்திய அணிக்குள் வந்தார், இருபது வருடம் வேகப்பந்து வீசினார், ஒருநாள் ஆட்டங்களில் 255 விக்கெட். வேகப்பந்து வீச்சாளரின் முழங்காலும் முதுகும் என்ன பாடுபடும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணின் கனம் புரியும்.

இவர்களுக்கு முன்னால் நீத்து டேவிட் என்ற இடதுகை சுழற்பந்து வீச்சாளரையும் சொல்லிவிட வேண்டும். 1995-ல் ஜாம்ஷெட்பூரில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 53 ரன்னுக்கு 8 விக்கெட். அப்படியும் இந்தியா அந்த டெஸ்டை 2 ரன்னில் தோற்றது. விதி!

2005 இறுதி ஆட்டத்தில் என்ன நடந்தது?

தென்னாப்பிரிக்காவில் நடந்த போட்டி. மிதாலி கேப்டன், பயிற்சியாளர் சுதா ஷா, முன்னால் சொன்ன அதே சுதா ஷா. அரையிறுதியில் மிதாலி ஆட்டமிழக்காமல் 91 எடுக்க, நியூஸிலாந்தை 40 ரன்னில் தோற்கடித்தார்கள். செஞ்சூரியனில் இறுதி ஆட்டம். கேரன் ரோல்டன் 107 அடித்து நிற்க, ஆஸ்திரேலியா 215. இந்தியா 117-க்குச் சுருண்டது. இந்த நாட்டில் அதை நேரில் விடுங்கள், டிவியில் பார்த்தவர்களையே எண்ணிவிடலாம்.

2006-ல் ஆண்கள் கிரிக்கெட்டை நடத்தும் வாரியமான பி.சி.சி.ஐ. பெண்கள் கிரிக்கெட்டையும் எடுத்துக்கொண்ட பிறகு எல்லாம் மாறிவிட்டதா?

பயணமும் தங்கும் இடமும் உடனே மாறின. விமானம், நல்ல ஹோட்டல், நல்ல மைதானம், அதையெல்லாம் மறுக்க முடியாது. ஆனால் ஆட்டங்களின் எண்ணிக்கை? 2006 ஆகஸ்டில் டான்டனில் இங்கிலாந்தை வீழ்த்தி, இங்கிலாந்து மண்ணில் முதல்முறையாக டெஸ்ட் தொடரை வென்ற அணிக்கு, அடுத்த டெஸ்ட் கிடைத்தது 2014-ல். உலகத்திலேயே அதிகப் பணம் வைத்திருக்கிற வாரியத்தின் கீழ் எட்டு வருடம். இதற்கு நியாயம் கற்பிக்க முயல்பவர்களோடு நான் வாதாடுவதை நிறுத்திவிட்டேன்.

2013-ஐயும் சொல்ல வேண்டும். உலகக் கோப்பை இந்தியாவில், மும்பையிலும் கட்டாக்கிலும். வான்கடேயில் நடக்க வேண்டிய ஆட்டங்களை அங்கிருந்து நகர்த்தினார்கள். காரணம், அதே நாட்களில் அங்கே ஆண்களின் ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டம். உள்நாட்டுப் போட்டி ஒன்றுக்காக உலகக் கோப்பை இடம் மாறியது! பாகிஸ்தான் அணி கட்டாக்கில் ஹோட்டலில்கூடத் தங்காமல், பாதுகாப்புக் காரணத்துக்காக மைதானத்துக்குள்ளேயே கிளப் கட்டடத்தில் தங்கியது. இந்தியா இலங்கையிடம் 138 ரன்னில் தோற்று, முதல் சுற்றோடு வெளியே வந்து ஏழாவது இடத்தில் முடித்தது.

அந்தத் தோல்விதான் வாரியத்தை ஓரளவு அசைத்தது என்று நினைக்கிறேன். 2015-ல் முதன்முறையாகப் பெண்களுக்கு ஆண்டு ஒப்பந்தம் வந்தது, முதல் தரத்துக்கு 15 லட்சம். 2016-ல் வெளிநாட்டு லீக்குகளில் ஆட அனுமதித்தார்கள், ஹர்மன்ப்ரீத் சிட்னி தண்டர் அணிக்குப் போனார். அதன் பலன் அடுத்த வருடமே தெரிந்தது.

2017 ஏன் இவ்வளவு பேசப்படுகிறது? தோற்றுத்தானே போனார்கள்?

தோற்றார்கள்தான். ஆனால் ஜூலை 20 அன்று டெர்பியில் நடந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உலகக் கோப்பை அரையிறுதி, எதிரே ஆஸ்திரேலியா, மழையால் 42 ஓவர் ஆட்டம். ஹர்மன்ப்ரீத் 115 பந்தில் 171, ஆட்டமிழக்கவில்லை, 20 பவுண்டரி, 7 சிக்ஸர். சதத்தை எட்டும் அந்த இரண்டாவது ரன்னுக்கு தீப்தி சர்மா சற்றுத் தயங்கியதால் ரன் அவுட் ஆகியிருப்பார், தப்பித்தார், தப்பித்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி வீசித் திட்டித் தீர்த்தார். சதம் அடித்த சந்தோஷம் முகத்தில் துளியும் இல்லை. அந்தக் கோபம் தங்கள் வீட்டுக்குள் டிவி வழியாக வந்ததும்தான் பல பேர் இந்த அணியைப் பார்க்கவே ஆரம்பித்தார்கள்.

இறுதி ஆட்டம் லார்ட்ஸில், டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. 229 இலக்கு, ஒரு கட்டத்தில் இந்தியா 3 விக்கெட்டுக்கு 191. பூனம் ராவத் 86. அப்புறம் இங்கிலாந்தின் ஆன்யா ஷ்ரப்சோல் வந்தார், 46 ரன்னுக்கு 6 விக்கெட், இந்தியா 219-க்கு ஆல் அவுட். 9 ரன் வித்தியாசம். 28 ரன்னுக்குள் ஏழு விக்கெட் போனதைப் பதற்றம் என்று எல்லாரும் எழுதினார்கள். நெருக்கடியான பெரிய ஆட்டங்கள் வருடத்துக்கு எத்தனை அவர்களுக்குக் கிடைத்தன என்று யாராவது எண்ணிப் பார்த்திருக்கலாம்.

அதற்குப் பிறகும் ஏன் கடைசி நேரத்தில் தோற்றுக்கொண்டே இருந்தார்கள்?

பட்டியல் வலிக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 டி20 உலகக் கோப்பை இறுதி, மெல்போர்னில் 86,174 பேர் முன்னால், ஆஸ்திரேலியாவிடம் 85 ரன்னில் தோல்வி. 2022 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகக் கடைசி ஓவரில் கேட்ச் பிடித்தார்கள், பார்த்தால் நோ-பால், கடைசிப் பந்தில் ஆட்டம் போனது, அரையிறுதி வாய்ப்பும் போனது. அதே வருடம் பர்மிங்காம் காமன்வெல்த் இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் மறுபடியும் அதே 9 ரன். 2023 டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் ஹர்மன்ப்ரீத் இரண்டாவது ரன்னுக்கு ஓடி வரும்போது மட்டை தரையில் சிக்கிக்கொண்டு ரன் அவுட், 5 ரன்னில் தோல்வி.

காரணம் என்று கேட்டால், எதிரே பெரும்பாலும் ஆஸ்திரேலியா என்பது பாதி. அவர்களுக்கு 2015 முதலே பெண்கள் பிக் பாஷ் லீக் இருந்தது. நெருக்கடி ஓவர்களை வருடம் முழுக்க ஆடிப் பழகியவர்கள் அவர்கள். இங்கே 2018 முதல் ஐ.பி.எல். நடுவில் ஒப்புக்கு ஒன்றிரண்டு காட்சி ஆட்டங்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

டபிள்யூ.பி.எல். அதை மாற்றியதா?

மாற்றியது, சந்தேகமே இல்லை. ஐ.பி.எல். போல பெண்களுக்கான இந்தப் பிரீமியர் லீக் 2023-ல் ஐந்து அணிகளோடு தொடங்கியது. அணிகள் விற்ற தொகை மட்டும் 4669.99 கோடி, ஐந்து வருட ஒளிபரப்பு உரிமை 951 கோடி. முதல் ஏலத்தில் ஸ்மிருதி மந்தனாவுக்கு 3.4 கோடி. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். மாவட்ட அளவில் ஆடிக்கொண்டிருந்த பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்கள், ஆயிரக்கணக்கான பேர் கத்தும் மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் எலிஸ் பெர்ரிக்குப் பந்து போடுகிறார்கள். அப்படிப் பந்து போட்டுவிட்டு இந்திய அணிக்குள் வருபவருக்கு இறுதி ஆட்டம் பூதமாகத் தெரியாது. பத்து வருடம் முன்பே தொடங்கியிருக்கலாம் என்பதுதான் ஆதங்கம்.

பெண்களுக்கும் ஆண்களுக்கும் இப்போது ஒரே சம்பளமா?

பாதி உண்மை. 2022 அக்டோபரில் ஆட்டக் கட்டணத்தைச் சமமாக்கினார்கள்: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாளுக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம். ஆனால் ஆண்டு ஒப்பந்தம் சமமாகவில்லை. 2024-25-ல் பெண்களின் உச்சத் தரத்துக்கு 50 லட்சம், ஆண்களின் உச்சத் தரத்துக்கு 7 கோடி. அதோடு ஆட்டக் கட்டணம் சமம் என்றாலும், வருடத்துக்கு ஒரு டெஸ்ட் ஆடுகிறவருக்கும் எட்டு டெஸ்ட் ஆடுகிறவருக்கும் கையில் வருவது சமமாகுமா? கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பெண்கள் கிரிக்கெட்டில் பந்து சின்னதா?

ஆமாம், கொஞ்சம் சிறியது, எடையும் குறைவு. 140 முதல் 151 கிராம் வரை. ஆண்களுடையது சுமார் 156 முதல் 163. எல்லைக்கோடு 55 முதல் 64 மீட்டர் தூரத்தில் இருக்கும். ஆடுகளத்தின் நீளம் அதே 22 கெஜம்.

டெஸ்ட் ஆட்டமெல்லாம் இன்னும் ஆடுகிறார்களா?

அபூர்வமாக. 2014-ல் இரண்டு டெஸ்ட், இரண்டிலும் வெற்றி, அப்புறம் 2021 வரை பூஜ்ஜியம். 2021-ல் பிரிஸ்டலிலும், கோல்ட் கோஸ்ட்டில் பிங்க் பந்திலும் ஆடியபோது ஏதோ மறந்துபோன சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. 2023 டிசம்பரில் இங்கிலாந்தை 347 ரன் வித்தியாசத்தில் நசுக்கினார்கள், பத்தே நாளுக்குள் வான்கடேயில் ஆஸ்திரேலியாவை முதல்முறையாக டெஸ்டில் வென்றார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது 2024 ஜூன், நம்ம சேப்பாக்கம். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஷஃபாலி வர்மாவும் ஸ்மிருதியும் தொடக்க விக்கெட்டுக்கு 292 சேர்த்தார்கள். ஸ்மிருதி 149. ஷஃபாலி இரட்டைச் சதத்தை 194 பந்தில் எட்டினார், பெண்கள் டெஸ்டில் அதைவிட வேகமாக யாரும் எட்டியதில்லை. முதல் நாள் முடிவில் ஸ்கோர் 525, ஆண்களுக்கே ஒரு நாளில் அவ்வளவு சுலபமாக வராத எண். 603-க்கு டிக்ளேர் செய்தார்கள், பெண்கள் டெஸ்டில் அணி ஒன்று முதல்முறையாக 600-ஐத் தாண்டியது அப்போதுதான். அடுத்து ஸ்னேஹ் ராணா 77 ரன்னுக்கு 8 விக்கெட். ஃபாலோ-ஆன் வாங்கிய தென்னாப்பிரிக்கா இரண்டாவது இன்னிங்ஸில் சுலபமாக விட்டுக்கொடுக்கவில்லை, லாரா வோல்வார்ட்டும் சுனே லூஸும் சதம் அடித்து, ஜூன் மாதச் சென்னை வெயிலில் நம் பந்துவீச்சாளர்களை 150 ஓவருக்கு மேல் வேலை வாங்கினார்கள். பத்து விக்கெட் வெற்றி என்று ஸ்கோர்கார்டில் பார்க்கும்போது இந்த உழைப்பு தெரியாது.

தமிழ்நாட்டிலிருந்து யார் யார்?

சுதா ஷாவைச் சொல்லியாயிற்று. அடுத்து திருஷ் காமினி. 2013 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராகச் சதம் அடித்தார், உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். ஹர்மன்ப்ரீத்தோ மிதாலியோ இல்லை. 2014-ல் மைசூரு டெஸ்டில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 192. அந்த டெஸ்டுக்குப் பிறகு ஏழு வருடம் டெஸ்டே இல்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அதே 2014-ல் வார்ம்ஸ்லி டெஸ்டில் இங்கிலாந்தை 92-க்குச் சுருட்டியபோது நான்கு விக்கெட் எடுத்தவர் நிரஞ்சனா நாகராஜன். அப்புறம் சென்னையின் ஹேமலதா. இப்போது மதுரையிலிருந்து வந்த கமலினி, இடதுகை ஆட்டக்காரர், விக்கெட் கீப்பர். 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து ஏறி ஏறி, 16 வயதில் மும்பை இந்தியன்ஸ் அவரை 1.6 கோடிக்கு எடுத்தது. 2025 தொடக்கத்தில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா இரண்டாவது முறையாக வென்றபோது, அரையிறுதியில் 56 அடித்து ஆட்டத்தை முடித்துக் கொடுத்தவர்.

2025-ல் மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்ற அணி எப்படி உலகக் கோப்பையை வென்றது?

தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து. ஆமாம், மூன்று பெரிய அணிகளிடமும் தோல்வி. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 330 அடித்தும் காக்க முடியவில்லை. இங்கிலாந்திடம் இந்தோரில் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை 4 ரன்னில் விட்டார்கள். அந்த ஆட்டத்தில் ஜெமிமா ரோட்ரிக்ஸை உட்காரவைத்திருந்தார்கள். அடுத்து நியூஸிலாந்துக்கு எதிராக ஸ்மிருதியும் பிரதிகா ராவலும் சதம், ஜெமிமா திரும்பி வந்து 76, அணி பிழைத்தது. உடனே வங்கதேசத்துடனான மழை ஆட்டத்தில் பிரதிகாவுக்குக் கணுக்கால் போனது. அவர் இடத்துக்கு, அணியிலேயே இல்லாமல் உள்நாட்டு டி20 போட்டியில் ஆடிக்கொண்டிருந்த ஷஃபாலியைக் கூப்பிட்டார்கள்.

அரையிறுதி, அக்டோபர் 30, டி.ஒய். பாட்டீல் மைதானம். ஆஸ்திரேலியா 338. பெண்கள் ஒருநாள் ஆட்டத்தில் அதுவரை யாரும் துரத்திப் பிடிக்காத எண். மூன்றாவதாக இறங்க வேண்டும் என்பதே ஜெமிமாவுக்குக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் தெரியும், குளித்துக்கொண்டிருந்தாராம். இறங்கி 134 பந்தில் 127, ஆட்டமிழக்கவில்லை. ஹர்மன்ப்ரீத் 89. நடுவில் கேட்ச்கள் நழுவின, அதிர்ஷ்டமும் இருந்தது, யாரும் மறுக்கவில்லை. 9 பந்து மீதம் இருக்கும்போது அமன்ஜோத் பவுண்டரி அடித்து முடித்தார்.

இறுதியில் ஷஃபாலி 87, தீப்தி 58, இந்தியா 298. எதிரே தென்னாப்பிரிக்கா, அவர்களின் வோல்வார்ட் சதம் அடித்து நின்றிருந்த வரை யாருக்கும் மூச்சு வரவில்லை. அவர் தூக்கி அடித்த பந்தை அமன்ஜோத் பிடித்து, விட்டு, மறுபடி தட்டி, ஒற்றைக் கையில் பிடித்தார். தீப்தி 39 ரன்னுக்கு 5 விக்கெட், 52 ரன் வித்தியாசம். ஷஃபாலிக்கு ஹர்மன்ப்ரீத் பந்தைக் கொடுத்ததும், அவர் லூஸ், காப் என்று இரண்டு முக்கிய விக்கெட்டை எடுத்ததும் யாருடைய திட்டத்திலும் எழுதியிருக்காது. தீப்தி போட்டி முழுக்க 22 விக்கெட், தொடர் நாயகி.

பயிற்சியாளர் அமோல் மஜும்தார், ரஞ்சியில் மலைபோல ரன் குவித்தும் இந்திய அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். கோப்பை வாங்கியதும் அணி அதைக் கொண்டுபோய் முன்னாள் வீராங்கனைகளான மிதாலி, ஜூலன், அஞ்சும் சோப்ரா கையில் கொடுத்தது. வாரியம் 51 கோடி பரிசு அறிவித்தது.

டி20-யில் எப்படி?

2006-ல் டெர்பியில் ஆடிய முதல் டி20-யிலேயே இங்கிலாந்தை வென்றார்கள். ஆசியக் கோப்பையை ஒருநாள், டி20 இரண்டும் சேர்த்து ஏழு முறை எடுத்திருக்கிறார்கள். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம். 2025-ல் இங்கிலாந்திலேயே அவர்களை 3-2 என்று வீழ்த்தினார்கள். ஆனால் 2024 டி20 உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு வெளியே. இந்த வடிவத்தில் அணி இன்னும் நிலையாகவில்லை என்பது என் கருத்து. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு ஆறு அணிகள்தான், அதுவும் டி20, ஆகவே இதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

நான் புதிதாகப் பார்க்கிறேன். பழைய ஆட்டம் எதிலிருந்து தொடங்கலாம்?

டெர்பி 2017, ஹர்மன்ப்ரீத் ஐம்பதைத் தாண்டிய பிறகு. 2025 செப்டம்பரில் டெல்லியில் ஆஸ்திரேலியாவின் 412-ஐத் துரத்தும்போது ஸ்மிருதி 50 பந்தில் அடித்த சதம், தோற்ற ஆட்டம்தான், பரவாயில்லை. அப்புறம் அக்டோபர் 30 அரையிறுதி, அதை மட்டும் முழுசாக, முதல் பந்திலிருந்து. மெல்போர்ன் 2020-ஐத் தொடாதீர்கள், அதில் கூட்டத்தைத் தவிர நமக்குப் பார்க்க ஒன்றுமில்லை.